பேரேடும் செபமாலையும்

"சுவாமியாராப் போறதுக்கு எதுக்கண்ணன் இவன் நாலு வருசம் கணக்கியல் படிச்சவன்?"

திருகோணமலையில் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் இருந்தபோது அவருடைய மனைவி என்னிடம் கேட்ட கேள்வி இது. 2018ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு மாலை. மகன் வர்த்தகத்துறைப் பட்டதாரி. கொழும்பில் ஒரு வங்கியில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு ஒரு துறவற சபையில் சேரப்போவதாக அன்றுதான் வீட்டில் சொல்லியிருந்தான். தகப்பன் ஒன்றும் பேசவில்லை. தாய்க்கோ பிள்ளை துறவியாவதைவிட, படித்த படிப்பு வீணாகப் போகிறதே என்பதுதான் பெரிய வேதனை. "தத்துவமோ தமிழோ படிச்சிருந்தா அங்க உதவியிருக்கும். வரவு செலவு படிச்சவனுக்கு அங்க என்ன வேலை?" என்றார்.

அங்கே வந்திருந்த பங்கு மூத்தவர் ஒருவர் அவரைத் தேற்ற முயன்றார். கணக்குத் தெரிந்த சுவாமிமாருக்குத்தான் இப்போது மதிப்பு என்றும், பெரிய கல்லூரி, பெரிய மருத்துவமனை எதுவானாலும் அவர்கள் கையில்தான் வரும் என்றும், பையன் நன்றாக வருவான் என்றும் சொன்னார். தாயின் முகம் சற்றே தெளிந்தது. பையனின் முகம் வாடியது. அதை நான் மட்டுமே கவனித்தேன் என்று நினைக்கிறேன்.

நான் கத்தோலிக்கன் அல்லன். ஆயினும் முப்பது ஆண்டுகாலப் பத்திரிகைத் தொழிலில் குருமாரையும் அருட்சகோதரிகளையும் முகாம்களிலும் வைத்தியசாலை வாசல்களிலும் நிறையவே சந்தித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தின் உரிமையில் சொல்கிறேன்: அன்று தாய் சொன்னதும் தவறு, மூத்தவர் சொன்னதும் தவறு. இரண்டாவது தவறுதான் ஆபத்தானது.

மறுநாள் எனக்குச் சம்பூரில் வேலை இருந்தது. பையனும் கூட வருகிறேன் என்றான். முன்பு திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் கொட்டியாரக் குடாவைக் கடந்து விசைப்படகில் போவோம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர் தரைவழிப் பயணம் இலகுவாகிவிட்டது. சம்பூரின் கதையை வாசகர்கள் பெரும்பாலும் அறிவார்கள், ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன். 2006 ஏப்ரல் இறுதியில் குண்டுவீச்சு. அந்த ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தார்கள். 2015 மே மாதத்தில் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில் கிடைத்தது. இந்தியாவின் என்டிபிசி நிறுவனத்தோடு சேர்ந்து அமைக்கவிருந்த நிலக்கரி மின்னிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த 120 மெகாவாட் சூரிய மின்னிலையத்துக்கு 2025 ஏப்ரல் 5ஆந் திகதி இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் கொழும்பில் இருந்தபடியே தொடக்கம் செய்துவைத்தார்கள்.

பத்தாண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பிய குடும்பத்தின் நிலை எது? கிணறு தூர்ந்துபோயிருந்தது, வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு, மாடுகள் இல்லை, தோணியும் வலையும் இல்லை. காணி கிடைத்தது, ஆனால் கையில் முதல் இல்லை. நிவாரணம் கொடுத்தவர்கள் கூரைத்தகடு கொடுத்தார்கள், விதைநெல் கொடுத்தார்கள். ஒரு குடும்பம் முதல் போகத்திலிருந்து இரண்டாம் போகத்துக்குத் தாண்டுவதற்கு வேண்டிய சிறுதொகைப் பணத்தை யார் கொடுப்பது என்ற இடத்தில்தான் மோட்டார் சைக்கிளில் நுண்கடன்காரர் வந்து சேர்ந்தார். சம்பூருக்கு மட்டும் வந்த கேடு அல்ல இது. வடக்கு, கிழக்கு முழுவதும், ஏன், பொலனறுவைச் சிங்களக் கிராமங்களிலும் இதே கதைதான். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் கடனாளிப் பெண்கள் வீதியோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

நாங்கள் போன வீட்டில் ஒரு பெண் தன் கடன் அட்டையை எடுத்து என்னிடம் காட்டினார். நான் செய்தியாளன். எத்தனை ரூபாய், எத்தனை கிழமை, யாராவது மிரட்டினார்களா என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். பையன் அட்டையை வாங்கிப் பார்த்தான். பிறகு ஒரு கொப்பித் தாளைக் கேட்டு வாங்கி, முற்றத்தில் குந்தியிருந்து கணக்குப் போட ஆரம்பித்தான்.

அவன் போட்ட கணக்கை வாசகர்களும் ஒருதரம் போட்டுப் பார்க்க வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12,000. மொத்தம் 62,000. அதை 52 கிழமைகளால் வகுத்தால், கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபாய். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதற்கிழமையிலேயே அந்தப் பெண் திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறார். ஆறு மாதம் கழியும்போது கடனில் பாதியளவு கட்டி முடித்துவிடுகிறார். ஆயினும் வட்டி மட்டும் கடைசிக் கிழமை வரைக்கும் முழு ஐம்பதாயிரத்துக்கும் அறவிடப்படுகிறது. எஞ்சிய கடனுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால், வங்கிகள் பேசும் மொழியில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 44 சதவீதம். வாயால் சொன்னது 24, கையால் வாங்குவது 44. இதில் சட்டவிரோதமாக எவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம்.

அந்தப் பெண் எட்டாம் வகுப்புப் படித்தவர். பையன் கிழமை கிழமையாக எஞ்சும் கடனை எழுதிக் காட்டியதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "இதை ஒருத்தரும் இப்பிடிச் சொல்லித் தரேல்ல" என்றார். நான் அன்று எழுதிய செய்தி மூன்றாம் பக்கத்தில் வந்து மறைந்தது. அந்தத் தாளை அவர் மடித்துச் சாமித்தட்டில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். முப்பதாண்டு எழுதியவனுக்கு அது சிறிது உறைக்கத்தான் செய்தது.

திரும்பும் வழியில் பையனிடம், "நீ போகும் சபையில் இதற்கு முன்னோடி யாராவது உண்டா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். அப்போதுதான் லூக்கா பச்சியோலியைப் பற்றிச் சொன்னான். உலகமெங்கும் கணக்கியல் மாணவர்கள் படிக்கும் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் விரிவாக அச்சில் விளக்கியவர் அவர். 1494இல் வெனிஸ் நகரில் நூல் வெளியாயிற்று. அவர் பிரான்சிஸ்கன் சபைத் துறவி. வரவுக்கும் பற்றுக்கும் வகுத்த நெறியை அச்சேற்றியவர் ஓர் ஏழ்மை விரதம் பூண்டவர் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

வீடு வந்த பின்னர் நானும் தேடிப் படித்தேன். பச்சியோலிக்கு ஒரு தலைமுறை முந்தியே அதே சபையினர் இத்தாலியில் ஏழைகளுக்கான அடகு நிலையங்களை ஆரம்பித்துவிட்டார்கள். 1462இல் பெரூஜியாவில் தொடங்கியது முன்னோடிகளுள் ஒன்று. நகரத்துச் செல்வரிடம் நிதி திரட்டி, ஏழைகளின் பொருளை ஈடாக வாங்கி, சிறு வட்டிக்குக் கடன் கொடுப்பது அதன் முறை. அந்தச் சிறு வட்டியைச் சுற்றித்தான் பெரிய சண்டை. வட்டி எதுவானாலும் பாவம் என்றனர் வேறு சபைத் துறவிகள் சிலர். எழுத்தருக்குச் சம்பளமும் களஞ்சியத்துக்கு வாடகையும் யார் கொடுப்பது, செலவை ஈடுசெய்யாத தர்மம் இரண்டு ஆண்டில் மூடப்பட்டுவிடுமே என்றனர் பிரான்சிஸ்கன்கள். 1515இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் பின்னவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. இந்தக் கதைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. இந்த நிலையங்களுக்காக ஊர் ஊராகப் பிரசங்கித்த பெல்த்ரே பெர்னார்தீனோ போன்றவர்கள் யூதர்கள்மீது பகைமையையும் சேர்த்தே மூட்டினார்கள். அதை மறைத்துவிட்டு இவர்களைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் அன்றைய வாதத்தின் சாரம் இன்றைக்கும் சம்பூர் முற்றத்தில் செல்லுபடியாகிறது. இரக்கத்துக்கும் ஒரு செலவுக் கணக்கு உண்டு. அதைப் போடத் தெரியாதவனின் இரக்கம் நெடுநாள் நிற்பதில்லை.

நிற்க. ஐந்நூறு ஆண்டுப் பழைய இத்தாலி எதற்கு, நம்மவரிடையே உதாரணம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரைக்கு வாருங்கள்.

கோட்டாறு மறைமாவட்டத்தின் மீனவக் கிராமங்களில் 1960களிலும் 70களிலும் நிலைமை எளிமையாகச் சொல்லக்கூடியது. கட்டுமரத்துக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்தவரே மீனையும் வாங்குபவர். விலையையும் அவரே சொல்வார். கடன் தீராது, தீர விடவும் மாட்டார். குருமார் தலைமுறை தலைமுறையாக இதைப் பிரசங்க பீடத்திலிருந்து கண்டித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கண்டனத்தால் ஒரு காசு வட்டியும் குறையவில்லை. கோட்டாறு சமூக சேவைச் சங்கம், ஜேம்ஸ் தோம்பர் என்ற பெல்ஜியக் குருவானவர் முதலியோரின் முயற்சியில், வேறொரு வழியைப் பிடித்தது. கிராமந்தோறும் மீனவர் சங்கம். கடலுக்குப் போகிறவனே அங்கத்தவன், வியாபாரிக்கு இடமில்லை. கரையில் மீனை ஏலம் கூறுபவர் சங்கத்தின் ஆள். விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு, ஒரு சிறு பங்கு சங்கச் செலவுக்கு என்று அன்றன்றே பிடித்துக்கொண்டு மீதியை மீனவனிடம் கொடுப்பது. சங்கத்தின் பேரேடு ஒழுங்காக இருந்தபடியால் வங்கிகளும் கடன் கொடுக்கக் கூடியதாயிற்று. கவனியுங்கள்: மீனவனின் வருமானம் அன்றாடம் மாறும், ஆகவே தவணையும் மீன் பட்டால் கூட, படாவிட்டால் குறைய வேண்டும் என்ற எளிய அறிவு அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறது. கடல் கொந்தளித்தாலும் கிழமைக்கு 1,192 ரூபாய் என்று கேட்கும் அட்டையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதே கரையில், முட்டத்தில், பியர் ஜில்லே என்ற பெல்ஜிய இயேசு சபையினர் படகுக் கலை தெரிந்தவராக வந்து சேர்ந்தார். கட்டுமரத்துக்கு ஏற்ற பெருமரங்கள் அருகி வந்த காலம். ஒட்டுப்பலகையில் படகு கட்டும் முறையை மீனவர்களோடு சேர்ந்து, தோற்றுத் தோற்று, உருவாக்கினார். அந்த அனுபவத்தை 1985இல் நூலாக எழுதியபோது, 'சிறியதே அழகு' என்ற சூமாக்கரின் புகழ்பெற்ற தலைப்பைச் சற்றே திருப்பி, 'சிறியது கடினம்' என்ற பொருளில் பெயரிட்டார். களத்தில் நின்ற மனிதரின் தலைப்பு அது. கிராமச் சங்கங்கள் மாவட்டக் கூட்டமைப்புகளாகி, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. சிஃப்ஸ் என்று கடற்கரை மக்கள் அறிவார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது படகும் அல்ல, வட்டியும் அல்ல. குருமார் ஆரம்பித்த பேரேடு பிறகு மீனவர்களின் கைக்கும் அவர்கள் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட ஊழியர்களின் கைக்கும் போய்விட்டது. ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற குருவானவரின் தொழிற்பள்ளி மாணவர்கள் 1956இல் மொந்திராகோனில் தொடங்கிய தொழிலாளர் கூட்டுறவின் கதையும் இதுவே. 1959இல் அதற்கென ஒரு மக்கள் வங்கியே எழுந்தது. அவர் எந்தக் கூட்டுறவுக்கும் முதலாளியாகவில்லை. வணிக அறிவுள்ள துறவியை எடைபோட எனக்குத் தெரிந்த ஒரே படிக்கல் இதுதான்: அவர் கணக்கை யாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்?

இப்படிச் சொல்லும்போது எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். அது வலுவான தரப்பு. துறவி வணிகத்தைத் தொட்டால் வணிகம் துறவியை விழுங்கிவிடும் என்பதற்கு வரலாற்றில் பெரும் சாட்சி அன்ருவான் லவாலெத் என்ற பிரெஞ்சு இயேசு சபையினர். கரிபியனில் மார்த்தினிக் தீவு மிஷனுக்குத் தலைவர். மிஷனின் கடனை அடைக்கத் தோட்டமும் கப்பல் வணிகமும் தொடங்கினார். கடன்மேல் கடன் வாங்கினார். 1755இல் ஆங்கிலேயர் சீனியும் கோப்பியும் ஏற்றிய கப்பல்களைப் பிடித்தார்கள். மார்செய் நகரில் அவருக்குப் பணம் கொடுத்திருந்த வணிகர் முறிந்தனர். வழக்கு பாரிஸ் வரை போய், 1761இல் ஒரு தனிமனிதரின் கடனுக்கு முழுச் சபையும் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. சபைக்கு எதிரிகள் ஏற்கெனவே நிறைய இருந்தார்கள், லவாலெத் அவர்கள் கையில் தீக்குச்சியைக் கொடுத்தார். 1764இல் பிரான்சிலும் 1773இல் உலகெங்கும் இயேசு சபை கலைக்கப்பட்டது. நம் தமிழ் நாட்டு மதுரை மிஷனும் கர்நாடக மிஷனும் அதனால் அநாதையாயின. வேறு சபையினரிடம் போன அந்தப் பணிக்கு, மீட்டெடுக்கப்பட்ட இயேசு சபையார் மதுரைக்குத் திரும்ப 1838 ஆயிற்று. மார்த்தினிக்கில் ஒரு சுவாமியார் எழுதிய கள்ளக் கணக்கு தாமிரபரணிக் கரையில் பூசையை நிறுத்திவிட்டது என்று சொன்னால் சற்று மிகைதான், ஆனால் முற்றும் பொய்யல்ல.

ஆகவேதான் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 286ஆம் பிரிவில், குருக்கள் அதிகாரிகளின் அனுமதியின்றி வணிகமோ வியாபாரமோ நடத்தலாகாது என்கிறது. அதே சட்டம் 636ஆம் பிரிவில், ஒவ்வொரு துறவற சபைக்கும் நிதி நிர்வாகி ஒருவர் இருக்க வேண்டும், உயர் தலைவர் வேறு, நிதி நிர்வாகி வேறாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முரண்பாடு போலத் தோன்றும். நான் அப்படிக் கருதவில்லை. வணிகம் செய்யாதே, ஆனால் கணக்குத் தெரியாமலும் இராதே என்பதுதான் இரண்டுக்கும் பொருள். லவாலெத் கெட்டது வணிகம் தெரிந்ததால் அன்று. அவருடைய பேரேட்டை வேறொரு கண் பார்க்காததால்.

எனக்குள்ள வருத்தம் வேறிடத்தில். நம் பக்கத்தில் கணக்குத் தெரிந்த துறவிக்கு என்ன நேர்கிறது? பங்கு மூத்தவர் சொன்னதுதான் நேர்கிறது. அவரைக் கட்டடத்துக்கும் கல்லூரி அனுமதிக்கும் பொறுப்பாக்கிவிடுகிறோம். 2004 கடற்கோளுக்குப் பின்னர் இன்னொரு வேலையும் சேர்ந்தது: வெளிநாட்டு உதவி நிறுவனங்களுக்குத் திட்ட அறிக்கை எழுதுவது. கெட்டிக்காரரான குருமாரும் அருட்சகோதரிகளும் இரவிரவாக இருந்து ஐரோப்பாவுக்கு விளங்கும் விதத்தில் கணக்குச் சொன்னார்கள். முகாமில் இருந்தவருக்கு அந்தக் கணக்கை யார் சொன்னது? கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டுவது கடமை என்றால் பெற்றவருக்குக் காட்டுவது அதைவிடப் பெரிய கடமையல்லவா? இயேசு சபையினர் ஜம்ஷெட்பூரில் 1949இலேயே முகாமைத்துவக் கல்விக்கூடம் தொடங்கியவர்கள். சென்னையில் 1979இல் இன்னொன்று. இந்தியாவின் பெருநிறுவனங்களுக்கு அதிகாரிகளை ஆக்கித் தந்திருக்கிறார்கள். அந்த அறிவில் ஒரு கைப்பிடி கொட்டியாரத்துக் கரைக்கு வந்தால் என்ன? நியாயமற்ற கேள்வியாகவும் இருக்கலாம். ஆனால் இலக்கந்தையிலும் கடற்கரைச்சேனையிலும் நின்று கேட்கும்போது அப்படித் தோன்றுவதில்லை.

1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டம் முதலில் பிரெஞ்சு இயேசு சபையினரிடமும், பின்னர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சிலிருந்து வந்தவர்களிடமும் இருந்தது. அந்த அமெரிக்கர்களுள் யூஜீன் ஹீபர்ட் அடிகளாரைத் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியின் பழைய மாணவர்கள் கூடைப்பந்துப் பயிற்றுநராக நினைவுகூர்வார்கள். மட்டக்களப்பில் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தி, இன மத பேதமின்றி இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பித்தவர். 1990 ஓகஸ்ட் 15ஆந் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்து சேரவில்லை. கூடச் சென்ற இளைஞரும் வரவில்லை. உலகத் தொழில் ஒன்றைத் துறவுக்குள் கொண்டுவந்து ஊர்ப் பிள்ளைகளின் கையில் வைத்துவிட்டுப் போனவர் அவர். சம்பூர்ப் பெண்ணின் சாமித்தட்டில் இருக்கும் அந்தக் கொப்பித் தாளை நினைக்கும்போது ஏனோ எனக்கு அவருடைய நினைவும் வருகிறது.

பையன் 2019இல் நவதுறவகத்தில் சேர்ந்தான். புறப்படுவதற்கு முதல்நாள் தாய் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். படிப்பு வீணாகிறது என்ற பேச்சு அப்போது இல்லை. "அண்ணன், சம்பூருக்குப் போய் வந்ததில இருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். அங்க போனா இவனை இந்த வேலை செய்ய விடுவாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியவர்கள் முடிவெடுப்பார்கள் என்று ஏதோ சொன்னேன்.

துறவறப் பயிற்சி நீண்டது. 2022இல், நாட்டில் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசை நின்ற நாட்களில், செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்ட அந்த ஆண்டில், மடத்தின் சமையலறைக் கணக்கை அவனிடம் கொடுத்தார்களாம். அரிசி, பருப்பு, தேங்காய், விறகு. தாய் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சமையற்காரருக்கும் அந்தக் கணக்கை எழுதப் பழக்கிவிட்டானாம், இப்போது அவர்தான் எழுதுகிறாராம்.